இலக்குசார் வடிவமைப்பு

இலக்குசார் வடிவமைப்பு என்பது, ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் மனிதர் எதை அடைய விரும்புகிறார் என்பதிலிருந்து தொடங்கி அம்மென்பொருளின் தோற்றத்தையும் நடத்தையையும் தீர்மானிக்கும் ஒரு வடிவமைப்பு முறையாகும். ஆங்கிலத்தில் கோல்-டைரக்டட் டிசைன் என அழைக்கப்படும் இம்முறையை அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளரான ஆலன் கூப்பரும் அவரது நிறுவனத்தில் பணியாற்றியோரும் 1990களில் உருவாக்கினர். கணக்கியல், வங்கி, கிடங்கு மேலாண்மை, மருத்துவமனை நிர்வாகம் போன்ற துறைகளில் ஊழியர்கள் நாள் முழுவதும் பயன்படுத்தும் சிக்கலான வணிக மென்பொருள்களுக்கு இது பெரிதும் பொருந்துவதாகக் கருதப்படுகிறது. மென்பொருளில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும் எனப் பட்டியலிடுவதற்கு முன்னர், அது யாருக்காக, அவர் எதை முடிப்பதற்காக என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

வணிக மென்பொருளின் தனித்தன்மை

ஒருவர் தமது சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறலாம். அலுவலகத்தில் பயன்படும் மென்பொருளுக்கு இது பொருந்தாது. அதைத் தேர்ந்தெடுத்து விலை கொடுப்பவர் மேலாளர் அல்லது கொள்முதல் பிரிவு; அதன் முன் அமர்ந்து ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் பணியாற்றுபவர் வேறொருவர். வாங்குபவர் போட்டி நிறுவனங்களின் வசதிப் பட்டியல்களை ஒப்பிட்டு முடிவெடுக்கிறார். எனவே விற்பவரும் பட்டியலை நீட்டிக்கொண்டே செல்கிறார். ஒவ்வொரு புதிய வசதியும் திரையில் ஒரு பொத்தானாகவோ, ஒரு தெரிவுக் கட்டமாகவோ, பட்டியில் ஒரு வரியாகவோ வந்து சேர்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு குறிப்பிட்ட ஊழியர் ஒருபோதும் தொடுவதில்லை. எனினும் தமக்கு வேண்டிய ஒன்றைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் மற்ற அனைத்தையும் கடந்து செல்ல வேண்டியவராகிறார்.

இத்தகைய மென்பொருளில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. ஊழியர் தவறு செய்தால் அது அவருடைய கவனக்குறைவாகவே பதிவாகிறது. பயிற்சி போதவில்லை என்று கூறப்பட்டு மீண்டும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தப்படுகிறது. திரையின் அமைப்பே தவறுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்னும் எண்ணம் பரவலாக ஏற்கப்படுவதற்கு நீண்ட காலம் பிடித்தது.

வரலாறு

ஆலன் கூப்பர் 1952 ஆம் ஆண்டு ஜூன் 3 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். கல்லூரியில் கட்டிடக் கலை பயின்ற இவர், 1970களின் நடுப்பகுதியில் கீத் பார்சன்சு என்பவருடன் இணைந்து கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் இசுட்ரக்சர்டு சிஸ்டம்சு குரூப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நுண்கணினிகளுக்கான வணிகக் கணக்கியல் மென்பொருளை விற்ற முதல் நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே கூப்பர் தொடக்கத்திலிருந்தே வணிக மென்பொருளை எழுதி விற்ற ஒரு நிரலாளர் ஆவார். பிற்காலத்தில் நிரலாளர்களின் சிந்தனை முறையை அவர் கடுமையாக விமர்சித்தபோது அதற்கு இருந்த வலு இதனால் வந்தது எனலாம்.

1983 ஆம் ஆண்டில் திட்ட மேலாண்மைக்கான ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கிய கூப்பர், அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தக்கூடிய சிலரை முதலில் சந்தித்துப் பேசினார். அவர்களுள் ஒரு விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய பெண் ஒருவரும் இருந்தார். எந்தப் பணிக்கு எவரை அமர்த்துவது, எவரும் வேலையின்றி இராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது அவருடைய பொறுப்பு. அக்காலக் கணினிகளில் ஒரு பெரிய நிரலைத் தொகுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நண்பகலில் கணினி நிரலைத் தொகுத்துக்கொண்டிருக்க, மான்டரே நகரில் தம் வீட்டருகே இருந்த கோல்ஃப் மைதானத்தில் கூப்பர் நடந்து செல்வார். அப்போது அப்பெண்ணைப் போன்ற ஒரு திட்ட மேலாளராகத் தம்மை எண்ணிக்கொண்டு, மென்பொருள் தமக்கு என்ன செய்ய வேண்டும் என்று வாய்விட்டுப் பேசி, கைகளை அசைத்து நடிப்பார். அங்கு விளையாட வந்தவர்கள் இவரை வியப்புடன் பார்த்ததுண்டு. ஆனால் எந்த வசதி அடிக்கடி தேவைப்படும், எது எப்போதாவது மட்டும் தேவைப்படும், எது தேவையே இல்லை என்பதை இந்த நடிப்பு தெளிவாகக் காட்டியது என அவர் பின்னர் எழுதியுள்ளார். இம்மென்பொருள் 1984 ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர் அசோசியேட்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, சூப்பர் புராஜெக்ட் என்னும் பெயரில் வெளிவந்தது.

அடுத்து இவர் உருவாக்கிய, திரையில் உறுப்புகளை இழுத்து வைத்து இடைமுகத்தை அமைக்கும் கருவி ஒன்றை 1988 இல் பில் கேட்சிடம் காட்டினார். ரூபி என்னும் குறிப்பெயர் கொண்டிருந்த அதை மைக்ரோசாஃப்ட் வாங்கி பேசிக் மொழியுடன் இணைத்தது. 1991 இல் அது விசுவல் பேசிக் ஆக வெளிவந்தது. கூப்பர் 'விசுவல் பேசிக்கின் தந்தை' எனப் பரவலாக அறியப்படுவது இதனால்தான். (இன்றைய ரூபி நிரல்மொழிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.)

1992 ஆம் ஆண்டில் தம் மனைவி சூ கூப்பருடன் சேர்ந்து ஒரு வடிவமைப்பு ஆலோசனை நிறுவனத்தை இவர் தொடங்கினார். 1995 இல் 'அபௌட் ஃபேஸ்' என்னும் நூலும், 1990களின் இறுதியில் 'தி இன்மேட்ஸ் ஆர் ரன்னிங் தி அசைலம்' என்னும் நூலும் வெளிவந்தன. முதலாவது வடிவமைப்பாளர்களுக்கான கையேடு. இரண்டாவது மேலாளர்களை நோக்கி எழுதப்பட்ட ஒரு வாதம். 'அபௌட் ஃபேஸ்' நூலின் இரண்டாம் பதிப்பு 2003 இல் ராபர்ட் ரைமனையும், மூன்றாம் பதிப்பு 2007 இல் ரைமனுடன் டேவிட் குரோனினையும் இணையாசிரியர்களாகக் கொண்டு வெளிவந்தது. நான்காம் பதிப்பு 2014 இல் வந்தது. இம்முறை இன்று அறியப்படும் ஒழுங்கான வடிவத்தைப் பெற்றது இப்பதிப்புகளின் வழியாகவே ஆகும். கூப்பரின் நிறுவனத்தை 2017 இல் விப்ரோவுக்குச் சொந்தமான டிசைனிட் வாங்கியது. அதே ஆண்டில் கூப்பர், கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் மதிப்புறு உறுப்பினராக ஏற்கப்பட்டார்.

இலக்கும் பணியும்

இம்முறையில் இலக்கு, பணி ஆகிய இரண்டும் தெளிவாக வேறுபடுத்தப்படுகின்றன. இலக்கு என்பது மனிதர் அடைய விரும்பும் நிலை. பணி என்பது அந்நிலையை அடைய இடையில் செய்ய வேண்டிய செயல். தொழில்நுட்பம் மாறும்போது பணிகள் மாறும். இலக்குகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. இதை விளக்கக் கூப்பர் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிசிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மாட்டு வண்டியில் சென்றவர் பாதுகாப்புக்காகத் துப்பாக்கியை எடுத்துச் சென்றார். இன்று வானூர்தியில் செல்பவர் அதே பாதுகாப்புக்காகத் துப்பாக்கியை வீட்டில் விட்டுச் செல்கிறார். இலக்கு ஒன்றே, பணி நேர் எதிராக மாறிவிட்டது. பழைய பணிகளை மட்டும் கவனித்து அவற்றை அப்படியே கணினித் திரைக்குக் கொண்டுவந்தால், தேவையற்றுப்போன பணிகளும் உடன் வந்துவிடும். காகிதப் பதிவேட்டில் ஒரே விவரத்தை மூன்று இடங்களில் எழுத வேண்டியிருந்தது என்பதற்காகத் திரையிலும் அதை மூன்று முறை தட்டச்சுச் செய்யும்படி அமைக்கப்பட்ட மென்பொருள்கள் இதற்கு நல்ல சான்று.

இலக்குகளிலும் வகைகள் உண்டு. விற்பனையைப் பெருக்குவது, செலவைக் குறைப்பது போன்றவை நிறுவனத்தின் இலக்குகள். கணக்கை மாத இறுதிக்குள் முடிப்பது, வாடிக்கையாளரின் கேள்விக்கு உடனே விடை தருவது போன்றவை ஊழியரின் நடைமுறை இலக்குகள். இவற்றுக்கெல்லாம் அடியில் எவரும் வெளிப்படையாகக் கூறாத சொந்த இலக்குகள் உள்ளன: பிறர் முன் அறிவிலியாகத் தோன்றாமல் இருப்பது, பெருந்தவறு செய்யாமல் இருப்பது, போதிய அளவு வேலையை முடிப்பது, சலிப்படையாமல் இருப்பது. நிறுவனத்தின் இலக்கை நிறைவேற்றி ஊழியரின் சொந்த இலக்கை மீறும் மென்பொருள் நாளடைவில் இரண்டிலுமே தோல்வியடையும் என்பது கூப்பரின் வாதம். இழிவுபடுத்தப்பட்டதாக உணரும் ஊழியர் மென்பொருளைச் சுற்றிச் செல்லும் வழிகளைத் தேடிக்கொள்வார். அதிகாரப்பூர்வ மென்பொருளுக்கு அருகில் ஊழியர்கள் தாமே வைத்திருக்கும் விரிதாள்களும், திரையின் விளிம்பில் ஒட்டப்பட்ட குறிப்புத் தாள்களும் பல அலுவலகங்களில் காணக்கூடியவை.

நினைவகத்தை மிச்சப்படுத்துவது, உலாவியில் இயங்குவது, தரவின் ஒருமையைக் காப்பது முதலியவற்றை இவர் 'போலி இலக்குகள்' என்கிறார். அவை வேண்டாதவை என்பது இதன் பொருள் அன்று. அவை வழிகள், முடிவுகள் அல்ல. கற்பதற்கு எளிமையாக இருப்பதையும் இவர் இப்பட்டியலில் சேர்த்திருப்பது பலரையும் வியக்கச் செய்கிறது. ஆனால் ஒரே மென்பொருளைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தப்போகும் எழுத்தருக்கு முதல் நாளின் எளிமையைவிட எஞ்சிய நாள்களின் வேகமே முக்கியம் என்பதை எண்ணினால் இது விளங்கும்.

மாதிரிப் பயனர்

இலக்குசார் வடிவமைப்பின் கருவிகளுள் மிகப் பரவலாக அறியப்படுவது பெர்சோனா எனப்படும் மாதிரிப் பயனர் ஆகும். பெர்சோனா என்னும் இலத்தீன் சொல் நாடக நடிகர் அணியும் முகமூடியைக் குறிப்பது. உண்மையான பலரை நேரில் கண்டு பேசி, அவர்களிடையே காணப்படும் பொதுவான நடத்தைகளைத் தொகுத்து, பெயரும் வேலையும் இலக்குகளும் கொண்ட ஒரு கற்பனை மனிதரை உருவாக்குவதே இதன் முறை. மனிதர் கற்பனை, அவருடைய இலக்குகள் கற்பனை அல்ல.

'பயனர்' என்னும் சொல்லே வடிவமைப்பைக் கெடுக்கிறது என்பது கூப்பரின் கருத்து. அச்சொல் பேசுபவரின் வசதிக்கேற்ப வளைகிறது. கடினமான ஒன்றைச் சேர்க்க விரும்பும்போது பயனர் கணினி வல்லுநராகிவிடுகிறார். ஒவ்வொரு படியிலும் விளக்கம் சேர்க்க விரும்பும்போது அவரே எதுவும் அறியாதவராகிவிடுகிறார். இதை 'நெகிழும் பயனர்' என்று இவர் குறிப்பிடுகிறார். பெயரும் முகமும் கொண்ட ஒருவரை இவ்வாறு வளைக்க முடியாது. 'பயனருக்கு இது தேவைப்படலாம்' என்று ஒரு நிரலாளர் கூறினால் மறுப்பது கடினம். கிடங்கில் கையுறை அணிந்து நின்றுகொண்டே வேலை செய்யும் இன்னாருக்கு இது தேவைப்படுமா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

முழு வடிவம் பெற்ற முதல் மாதிரிப் பயனர்கள் 1995 இல் சேஜன்ட் டெக்னாலஜீஸ் என்னும் நிறுவனத்தின் மென்பொருளுக்காக உருவாக்கப்பட்டனர். நிறுவனங்களின் தரவுகளைத் திரட்டி ஆய்வு செய்ய உதவும் மென்பொருள் அது. அதன் நிரலாளர்கள் தரவை எவரும் எப்படி வேண்டுமானாலும் அலசலாம் என்னும் ஆற்றலில் மகிழ்ந்தனரேயன்றி, யார் அலசுவார் என்று எண்ணவில்லை. பயன்படுத்தக்கூடியவர்களைக் கூப்பர் சந்தித்தபோது மூன்று விதமானோர் தெரிந்தனர். அவர்களுக்குச் சக், சிந்தியா, ராப் எனப் பெயரிட்டார். சக் ஆயத்த வார்ப்புருக்களைக் கொண்டு அறிக்கைகளைப் பெறும் ஆய்வாளர். சிந்தியா அத்தகைய வார்ப்புருக்களைத் தாமே எழுதிச் சக் போன்றோருக்குத் தரும் தேர்ந்த ஆய்வாளர். ராப் இவ்விருவருக்கும் துணைபுரியும் தகவல் தொழில்நுட்பப் பிரிவினர். மூவருக்கும் ஒரே திரையைத் தந்தால் சக்கிற்குத் தேவையற்றவை குவியும். சிந்தியாவுக்குத் தேவையானவை மறையும். பெயரிட்ட பிறகு, முடிவில்லாமல் நீண்டுகொண்டிருந்த விவாதங்கள் எளிதாகத் தீர்ந்தன.

மாதிரிப் பயனர் பலர் இருக்கலாம். ஆனால் வடிவமைப்பு அவர்கள் அனைவருக்கும் சம அளவில் பொதுவாக அமைவதில்லை. பிறருக்காக அமைத்த இடைமுகம் எவருக்குப் போதாதோ அவரே முதன்மை மாதிரிப் பயனர். ஒவ்வொரு முதன்மைப் பயனருக்கும் தனி இடைமுகம் தேவை. முதன்மையானோர் மூவருக்கு மேல் இருந்தால், தீர்க்க எடுத்துக்கொண்ட சிக்கலே அளவுக்கு மீறிப் பெரியது என்பது கூப்பர் தரும் எச்சரிக்கை. இவர்களைத் தவிர, பணம் கொடுத்து வாங்குபவரும், மென்பொருளைத் தொடாவிட்டாலும் அதன் விளைவுக்கு ஆளாகும் நோயாளி போன்றோரும் தனித்தனி மாதிரி மனிதர்களாக வரையப்படுகின்றனர். 'இவருக்காக நாம் அமைக்கவில்லை' என்று நினைவூட்டுவதற்காக வரையப்படும் எதிர்மறை மாதிரிகளும் உண்டு.

ஒருவருக்காக அமைத்தால் மற்றவர் விலகிவிடுவர் என்னும் அச்சம் இயல்பானது. இதற்கு மறுமொழியாகக் கூப்பர் சக்கரம் பொருத்திய கைப்பெட்டியைக் காட்டுகிறார். வானூர்திப் பணியாளர்கள் என்னும் மிகச் சிறு குழுவுக்காக அமைக்கப்பட்ட அப்பெட்டி, பின்னர் ஏறத்தாழ எல்லாப் பயணிகளின் கைக்கும் வந்து சேர்ந்தது.

மூன்று மாதிரிகள்

மென்பொருள் உள்ளே உண்மையில் இயங்கும் விதம் செயற்படுத்தல் மாதிரி எனப்படும். அது எவ்வாறு இயங்குகிறது என்று பயனர் மனத்தில் கொண்டுள்ள படம் மன மாதிரி எனப்படும். திரையில் காட்டப்படுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தோற்ற மாதிரி. நிரலை எழுதியவருக்குச் செயற்படுத்தல் மாதிரியே இயல்பாகத் தெரிவதால், தரவுத்தளத்தின் அட்டவணைகள் அப்படியே திரையின் படிவங்களாகிவிடுகின்றன. தோற்ற மாதிரி மன மாதிரியை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவுக்கு மென்பொருள் எளிதாகும் என்பது 'அபௌட் ஃபேஸ்' நூலின் மையக் கூற்றுகளுள் ஒன்று.

வணிக மென்பொருளுக்குச் சிறப்பாகப் பொருந்தும் வேறு சில கருத்துகளும் அந்நூலில் உள்ளன. பெரும்பாலான பயனர்கள் தொடக்கநிலையிலும் நீடிப்பதில்லை, வல்லுநராகவும் ஆவதில்லை, இடைநிலையிலேயே தங்கிவிடுகின்றனர். நாள் முழுவதும் முழுத்திரையில் இயங்கும் மென்பொருள் 'ஆளும் தோரணை' உடையது. அதில் விவரங்கள் நெருக்கமாக இருக்கலாம், நிறங்கள் அடங்கியிருக்க வேண்டும், விசைப்பலகைக் குறுக்குவழிகள் நிறைய வேண்டும். எப்போதாவது திறந்து மூடும் மென்பொருளுக்கு நேர்மாறான விதிகள். அகன்ற வெண்பரப்பும் பெரிய பொத்தான்களும் கொண்ட விளம்பரத் தளத்தின் அழகைக் கணக்கியல் மென்பொருளில் புகுத்துவது ஏன் தவறு என்பதற்கு இதுவே விடை. இலக்குக்கு உதவாமல் மென்பொருளின் பொருட்டு மட்டும் செய்ய வேண்டிய வேலைகள், அதாவது சாளரங்களை நகர்த்துவது, மீண்டும் மீண்டும் கடவுச்சொல் இடுவது, பொருளற்ற அறிவிப்புகளை மூடுவது போன்றவை, வழியில் வசூலிக்கப்படும் 'தீர்வை' எனப்படுகின்றன.

மற்றொரு வேறுபாடு, நிகழக்கூடியதும் நிகழத்தக்கதும் பற்றியது. ஆயிரத்தில் ஒருமுறை நிகழக்கூடிய நிலையையும் நிரலாளர் கையாண்டே ஆக வேண்டும். இல்லையேல் மென்பொருள் நின்றுவிடும். ஆனால் அந்த ஒருமுறைக்காக ஒரு கேள்வியை மீதி 999 முறையும் திரையில் எழுப்புவது வடிவமைப்பின் தவறு. 'தொடரலாமா?' என்று ஓயாமல் கேட்கும் பெட்டிகளைப் பயனர் படிப்பதை நிறுத்திவிடுகிறார். உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அவர் கை பழக்கத்தால் 'ஆம்' என்பதையே அழுத்தும். இயன்ற இடங்களிலெல்லாம் உறுதிப்படுத்தக் கேட்பதற்குப் பதிலாகச் செயலைத் திரும்பப் பெறும் வசதியைத் தர வேண்டும் என்று இம்முறை வலியுறுத்துகிறது.

செயன்முறை

ஆய்வு, மாதிரியாக்கம், தேவைகளை வரையறுத்தல், சட்டக அமைப்பு, நுணுக்கமாக்கல், உருவாக்குநருக்குத் துணைநிற்றல் என்று ஆறு கட்டங்களாக இம்முறை விவரிக்கப்படுகிறது. ஆய்வில் வினாத்தாள்களைவிடப் பணியிடத்தில் நேரில் பார்ப்பதற்கே முதலிடம். மக்கள் தாம் செய்வதாகக் கூறுவதும் உண்மையில் செய்வதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சட்டகக் கட்டத்தில் மாதிரிப் பயனர் ஒருவரின் வேலைநாள் கதையாக எழுதப்பட்டு, அக்கதைக்கு வேண்டிய திரைகள் பருவரைவாக வரையப்படுகின்றன. நிறமும் எழுத்துருவும் அதற்குப் பின்னரே. கூப்பர் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றிய கிம் குட்வின் 2009 இல் எழுதிய 'டிசைனிங் ஃபார் தி டிஜிட்டல் ஏஜ்' என்னும் நூலில் இக்கட்டங்கள் விரிவாக விளக்கப்பட்டுள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு: 2020 ஆம் ஆண்டின் தவறான பணப் பரிமாற்றம்

இம்முறை கவனிக்கச் சொல்லும் குறைகள் எவ்வளவு பெரிய விளைவை ஏற்படுத்தக்கூடும் என்பதற்கு, 2020 ஆகஸ்ட் 11 ஆம் நாள் சிட்டிபாங்கில் நிகழ்ந்த தவறு பலராலும் சுட்டிக்காட்டப்படுகிறது. கூப்பரின் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் திரையின் அமைப்பு நீதிமன்றத் தீர்ப்பில் படிப்படியாக விவரிக்கப்பட்ட அரிய நிகழ்வு என்பதால் மாணவர்களுக்கு இது பயனுள்ளது.

ரெவ்லான் என்னும் அழகுப்பொருள் நிறுவனம் பலரிடம் பெற்ற கடனுக்குச் சிட்டிபாங்க் முகவராக இருந்தது. அன்று கடன் தந்தோருக்கு ஏறத்தாழ 78 இலட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப வேண்டும். வங்கி பயன்படுத்திய ஃபிளெக்சுகியூப் மென்பொருளில் அன்றைய பரிமாற்றத்தை நிறைவேற்ற, கடன் முழுவதையும் அடைப்பதுபோலப் பதிவு செய்துவிட்டு, அசல் தொகையை மட்டும் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. அவ்வாறு திருப்புவதற்கு மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அவை 'பிரின்சிபல்', 'ஃபிரன்ட்', 'ஃபண்ட்' என்னும் பெயர் கொண்டவை. பதிவு செய்தவர் அசல் என்று பொருள்படும் முதல் கட்டத்தில் மட்டும் உள்கணக்கின் எண்ணை இட்டார். அசலைத் திருப்ப அசல் என்னும் கட்டம் போதும் என்று அவர் கருதினார். சரிபார்த்த இரண்டாமவரும் ஒப்புதல் அளித்த மூன்றாமவரும் அவ்வாறே கருதினர். பணம் வங்கியை விட்டு வெளியே செல்லும், தொடரலாமா என்று மென்பொருள் எச்சரித்தது. ஆனால் எவ்வளவு பணம் என்று அது கூறவில்லை. வட்டி வெளியே செல்ல வேண்டியதே என்பதால் அந்த எச்சரிக்கை எவருக்கும் வியப்பளிக்கவில்லை. வட்டியுடன் சேர்ந்து ஏறத்தாழ 89 கோடி 40 இலட்சம் டாலர் வங்கியின் சொந்தப் பணம் வெளியேறியது.

மறுநாள் தவறு தெரிந்தபின் ஒரு பகுதியினர் பணத்தைத் திருப்பித் தந்தனர். ஏறத்தாழ 50 கோடி டாலரைத் திருப்ப மற்றோர் மறுத்தனர். அவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் என்று நியூயார்க்கின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 செப்டம்பரில் அத்தீர்ப்பை மாற்றியது.

மூவர் பார்த்தும் தவறு ஏன் தப்பியது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. மூவரும் கவனமின்றி இருந்ததால் அன்று; மூவரும் ஒரே மன மாதிரியைக் கொண்டிருந்ததால் ஆகும். திரை அந்த மாதிரியைப் பொய்ப்பிக்க எதையும் காட்டவில்லை. இத்தகைய இடத்தில் நான்காவது சரிபார்ப்பவரைச் சேர்ப்பதால் பயன் மிகக் குறைவு. ஊழியரின் இலக்கு 'வட்டியை அனுப்பு, அசலை உள்ளேயே வை' என்பது. மென்பொருள் கேட்டதோ 'எல்லாவற்றையும் அனுப்பு, பிறகு மூன்று இடங்களில் தடு' என்பது. இலக்கிலிருந்து தொடங்கியிருந்தால், வெளியே செல்லும் மொத்தத் தொகை என்ற ஓர் எண்ணாவது இறுதித் திரையில் இடம்பெற்றிருக்கும். திரும்பப் பெற முடியாத செயலுக்கு அதுவே மிகக் குறைந்த பாதுகாப்பு.

விமர்சனங்கள்

மாதிரிப் பயனர் முறை பரவியபோதே அதன் மீதான ஐயங்களும் எழுந்தன. 2006 இல் கிறிஸ்டோபர் சாப்மனும் ரசல் மில்ஹமும் வெளியிட்ட கட்டுரை, ஒரு மாதிரிப் பயனர் உண்மையில் எத்தனை பேரைக் குறிக்கிறார் என்பதைச் சரிபார்க்க வழியில்லை என்று வாதிட்டது. பொய்யென நிறுவ இயலாத ஒன்றை அறிவியல் சான்றாகக் கொள்ள முடியாது என்பது அவர்களின் நிலை. நடைமுறையில் எழும் குறை இன்னும் எளிமையானது. களத்துக்குச் செல்லாமல், கூட்ட அறையிலேயே ஒரு புகைப்படமும் பெயரும் பொழுதுபோக்குகளும் சேர்த்து 'மாதிரிப் பயனர்' தயாரிக்கப்படுவதுண்டு. அதில் இலக்கைத் தவிர எல்லாம் இருக்கும்.

டொனால்ட் நார்மன் 2005 இல் எழுதிய ஒரு கட்டுரையில், தனி மனிதரைவிடச் செயற்பாட்டையே வடிவமைப்பின் மையமாகக் கொள்ள வேண்டும் என்றார். வேறொரு திசையிலிருந்து வரும் மறுப்பு ஸ்காண்டினேவிய நாடுகளின் பங்கேற்பு வடிவமைப்பு மரபினுடையது. 1981 முதல் 1985 வரை நடந்த உட்டோப்பியா திட்டத்தில் அச்சுத் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் ஒன்றாக அமர்ந்து, அட்டையாலும் காகிதத்தாலும் செய்த மாதிரிகளைக் கொண்டு தமக்கான கருவிகளை வடிவமைத்தனர். ஊழியரின் சார்பாக ஒரு கற்பனை மனிதரைப் பேச வைப்பதைவிட ஊழியரையே பேச விடலாம் என்பது இம்மரபின் கேள்வி. அதற்கு இலக்குசார் முறையிடம் முழுமையான விடை இருப்பதாகத் தெரியவில்லை. ஊழியர் தம் சிக்கலை நன்கு அறிவார், தீர்வை வரைய அவருக்குப் பயிற்சி இல்லை என்று கூப்பர் தரப்பு கூறுவது ஒரு பகுதி விடையே.

நிரலாக்கத்துக்கு முன்னரே வடிவமைப்பை முடிக்க வேண்டும் என்னும் கூப்பரின் கருத்து மற்றொரு பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. 2002 இல் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையை உருவாக்கிய கென்ட் பெக்குடன் அவர் நடத்திய உரையாடல் பரவலாகப் படிக்கப்பட்டது. மென்பொருளை ஊற்றிய பின் இறுகிவிடும் கான்கிரீட்டுக்கு ஒப்பாகக் கண்டார் கூப்பர். சிறுசிறு படிகளாக எழுதி, பயனரிடம் காட்டி, மாற்றிக்கொண்டே செல்லலாம். மாற்றுவதற்கு ஆகும் செலவை நல்ல நிரலாக்கப் பழக்கங்களால் குறைக்கலாம் என்றார் பெக். அன்று இருவரும் உடன்படவில்லை. 2008 இல் டொராண்டோவில் நடந்த அஜைல் மாநாட்டில் கூப்பர் உரையாற்றினார். இன்று பல குழுக்களில் ஆய்வும் மாதிரிப் பயனரும் முன்னதாகவும், திரைகளின் விரிவான வடிவமைப்பு நிரலாக்கத்துடன் இணைந்தும் நடைபெறுகின்றன.